உள்ளே எத்தனை பேர்?

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. அவள் சிறிது நேரம் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கத்திக் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தானாக நகர்ந்துவிடும் என்று மரியாதையாகக் காத்திருந்து, நகராது என்று உறுதியான பிறகுதான் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாள்.

சுவரில் இருந்த சல்லடை ஓட்டைகளுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. தேன் தடவின மாதிரி இருந்தது.

"வணக்கம், லிஃப்ட் உதவி. உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

ஒருத்திதான் என்றாள்.

குழந்தைகள், நோயாளிகள் யாராவது உண்டா என்று குரல் கேட்டது. ஒருத்தி என்று சொன்ன பிறகு அதை ஏன் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் இல்லை என்று பணிவாகச் சொன்னாள். மூச்சுவிடச் சிரமமா? இல்லை. விளக்கு எரிகிறதா? எரிகிறது.

"நல்லது. பயப்படாதீங்க. காத்து தீராது. லிஃப்ட் அடைச்ச பெட்டி இல்ல, நாலு பக்கமும் இடுக்கு இருக்கு, யாரும் ரப்பர் வச்சு அடைக்கல. கதவுல சாயாதீங்க. கையில கனமா ஏதாவது இருந்தா கீழ வச்சிடுங்க."

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். ஆள் கிளம்பிவிட்டார், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார் என்று சொன்ன குரல், அவர் வரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்பதற்காகப் பைக்குள் என்ன என்று கேட்டது. மாட்டிக்கொண்டவர்களைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. அவளைப் பேச வைப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தக் குரலுக்கு அப்போது தெரியாது.

"ரெண்டு பாக்கெட்."

"என்ன பாக்கெட்டுங்க?"

"ஒண்ணு ஏழு. ஒண்ணு பத்து."

பிறகு தேன் எல்லாம் வழிந்துபோன வேறொரு குரல் வந்தது.

"தேதி பாத்து வாங்கினியா? போன தடவை மாதிரி காலாவதியானதக் கட்டிக் குடுத்துட்டானா?"

அவள் சுவரையே பார்த்தாள். "அத்தை?"

தொண்டையைச் செருமும் சத்தம். தேன் திரும்பி வந்தது. "இந்த உரையாடல் பதிவு செய்யப்படுதுங்க மேடம். பாக்கெட்ட லைட்டுக்கு நேரா வைக்காம பாத்துக்கிறீங்களா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அத்தனை மாதங்களாக ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியும் அவளுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அத்தை பேசினால் தெருமுனை வரை கேட்கும். அலுவலகத்தில் காதில் மாட்டும் கருவியைப் போட்டுக்கொண்டதும் அதே தொண்டையில் வேறொருத்தி குடியேறிவிடுவாள்.

அவள் அப்பாவின் தங்கை அந்த அத்தை. முதல் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில், மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுப்பது அத்தையின் உத்தியோகம். அழுகிறவர்கள், திட்டுகிறவர்கள், கல்யாணம் நின்றுவிடும் என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் அவளிடம் வந்து அடங்கிப்போவார்கள். அந்த வேலை வீடு வரைக்கும் கூடவே வந்துவிடும். மாமா குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்ட அன்று, அத்தை அடுப்படியிலிருந்தே, "சார், உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்டதாகவும், மாமா யோசித்துப் பார்த்து "நான் மட்டும்தான்" என்று பதில் சொன்னதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. மாமா அந்தக் கதையை மறுத்ததே இல்லை.

மீன்தொட்டியும் லிஃப்ட் வழியாகத்தான் அத்தையிடம் வந்து சேர்ந்தது. வீடு மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் தன் தொட்டியோடு லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டார். சரிசெய்ய நேரமானது. அத்தை அவருக்குப் பேச்சுக் கொடுக்கப் போய், அவர் கடல்நீர், உப்பு, பவளம் என்று கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்த பிறகு, புது வீட்டு லிஃப்டில் தொட்டி நுழையவில்லை என்று தெரிந்தது. அதைத் தூக்கி எறிய மனம் வராமல், தன்னை அழாமல் பார்த்துக்கொண்ட குரலுக்கே அனுப்பி வைத்துவிட்டார். கூடவே தண்ணீரின் புளிப்பை அளக்கும் ஒரு பிஹெச் மீட்டரும் வந்தது. அத்தை அதுவரை மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவள்.

அதற்கப்புறம் பித்துப் பிடித்துவிட்டது. கூடத்தில் சோபா இருந்த இடத்துக்குத் தொட்டி வந்தது. சோபா எங்கே போயிற்று என்று மாமா இன்றுவரை கேட்கவில்லை. தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு ஜோடி மீன்கள். பெரியவள் மேடம், சின்னவர் சார். பின்னால், தண்ணீரை நுரைக்க வைத்து அழுக்கை எடுக்கும் ஒரு நுரை இயந்திரம். தொட்டி நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பவளம். நல்ல மனநிலையில் இருந்தால் அது விரல் விரலாக விரிந்து ஆடும். கோபம் வந்தால் முஷ்டியை மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே வேலை முடிந்து வந்ததும் அண்ணன் மகள் உட்காரும் இடம் அதுவானது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் போல" என்று அத்தை அவளைச் சொல்வாள். பவளத்தையும் அதே வார்த்தையால்தான் சொல்வாள்.

தொட்டியின் ஓரத்தில் பேனா தடிமனுக்கு அந்த மீட்டரின் அளக்கும் குச்சி, புரோப், தண்ணீருக்குள் தொங்கும். அதன் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். வயர் மேலே போய்ச் சின்னப் பெட்டியில் சேரும். பெட்டியின் திரையில் ஓர் எண். அந்த எண் எட்டுக்கு மேலே இருந்தால் கடல்நீர் கடல்நீராக இருக்கிறது என்று அர்த்தம். எட்டு புள்ளி ஒன்று, இரண்டு என்றால் அத்தை நல்ல மனநிலையில் இருப்பாள், வீட்டில் சாப்பாட்டுக்கும் உப்பு சரியாக இருக்கும். கீழே இறங்க இறங்கத் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறது என்று பொருள். விளக்கு எரியும் பகலில் கொஞ்சம் ஏறும், விளக்கு அணைந்த பின் கொஞ்சம் இறங்கும். அது தண்ணீர் தூங்கி எழுகிற கணக்கு, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கொஞ்ச நாளாக அந்த எண் மாலையானால் ஏழு புள்ளி ஏழுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தை முதலில் நம்பவில்லை. அவள் தொழில் அப்படி. "மணி அடிச்சா, முக்கால்வாசி நேரம் எவனோ முதுகால பட்டன அழுத்திட்டு நிப்பான்" என்பது அவள் அனுபவம். எண் சொல்வதைக் கேட்கும் முன் எண்ணை யார் முதுகால் அழுத்தியது என்று பார்க்க வேண்டும். பார்த்தாள். மாமாதான் அகப்பட்டார்.

மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. எங்கே கண்ணாடியைக் கண்டாலும் துடைக்காமல் அவரால் நகர முடியாது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்குவதற்குள் அந்த ஜன்னல் பளபளவென்று ஆகிவிடும். புரோப்பின் நுனியில் பாசி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றி, கடைத் துணியால் மெதுவாகத் துடைத்து, ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் உலர்த்தி, வெல்வெட் வைத்த மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடியிருக்கிறார். அத்தை வேலை முடிந்து வரும்வரை அது அங்கே சுகமாகப் படுத்திருந்திருக்கிறது. அந்தக் குமிழ் எப்போதும் ஈரத்திலேயே இருக்க வேண்டும். காய்ந்தால் உளற ஆரம்பிக்கும்.

"தண்ணில இருக்க வேண்டியதப் பெட்டில போட்டு மூடியிருக்கீங்களே, உங்களத் தூக்கித் தண்ணில போட்டா எப்படி இருக்கும்?" என்றாள் அத்தை.

மாமா, வெல்வெட்டைப் புதிதாக மாற்றியதை மட்டும் சொல்லி வைத்தார்.

அந்தப் புரோப்பை அதற்குரிய நீரில் ஊறவைத்து, மறுபடி சரிபார்க்கத்தான் ஏழும் பத்தும். ஒரு பாக்கெட்டில் இருக்கும் நீரின் எண் சரியாக ஏழு. இன்னொன்றில் பத்து. அவற்றுக்குள் விட்டால் மீட்டர் ஏழென்றும் பத்தென்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தெரிந்த கணக்கைக் கேட்பது போல. லிஃப்டிலிருந்து மீண்டு அவள் கொண்டுவந்த பாக்கெட்டுகளை வெட்டி, தனித்தனி டம்ளரில் ஊற்றி, அத்தை மீட்டருக்குப் பரீட்சை வைத்தாள். மீட்டர் முதலில் கொஞ்சம் தடுமாறியது. திருத்திய பிறகு ஏழுக்கு ஏழு, பத்துக்குப் பத்து என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது.

தொட்டியில் விட்டதும் ஏழு புள்ளி ஏழு என்றது.

"பொய்யாவது சொல்லியிருக்கலாம்" என்று அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த கட்டமாகப் பொடி வந்தது. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எண்ணை ஏற்றிவிடும் வெள்ளைப் பொடி. ஊற்றினால் எண் துள்ளிக்கொண்டு எட்டைத் தாண்டும். அத்தை முகமும் கூடவே மலரும். மறுநாள் மாலை பழையபடி இறங்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் பொடி. இன்னும் கொஞ்சம் மலர்ச்சி. இன்னும் கொஞ்சம் சரிவு. சில நாளில் மோட்டாரில் மாவு தட்டியது போல வெள்ளை படிந்து, அது வயிற்றுவலிக்காரன் மாதிரி முனக ஆரம்பித்தது. பவளம் முஷ்டியை மூடியது மூடியதுதான். மேடம் தொட்டி மூலையில் போய் நின்றுகொண்டாள். அவள் போனால் சாரும் பின்னாலேயே போவார், அந்த வீட்டு வழக்கப்படி.

மீன் கடை வைத்திருப்பவரை எல்லாரும் கடல்காரர் என்பார்கள். அவர் கடலை நேரில் பார்த்ததில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பொடியால் தண்ணீரில் இருக்க வேண்டிய வேறு சமாசாரங்கள் எல்லாம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தன.

"நீங்க நம்பருக்கு வைத்தியம் பாத்திருக்கீங்கக்கா. தண்ணிக்குப் பாக்கல. எதனால இறங்குதுன்னு தெரியாம ஏத்திக்கிட்டே இருந்தா பவளம் தாங்காது. என் கடைக்குக் குடுத்துடுங்க. பெரிய தொட்டி இருக்கு, பொழச்சுக்கும்."

அத்தை வாக்குவாதம் செய்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் சரி என்றாள். சனிக்கிழமை மாலை டப்பாக்களோடு வந்து மீன்களையும் பவளத்தையும் எடுத்துப் போவதாகப் பேச்சு. சரி என்று சொன்னபோது அவள் குரல் தேன் தடவினதாக இருந்தது. வீட்டில் அந்தக் குரலைக் கேட்டதும் மாமா பயந்துபோனார்.

இங்கே மாமாவின் சிரிப்பு வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மருந்தோடு கொஞ்சம் சிரியுங்கள் என்று மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னதை மாமா மருந்துச்சீட்டில் எழுதித் தந்ததாக எடுத்துக்கொண்டார். தினமும் மாலையில் எட்டுப் பேர் கூடத்தில் வட்டமாக நின்று, காரணம் எதுவும் இல்லாமல், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். முதலில் பூங்காவில்தான் நடந்தது. நாய்கள் பதிலுக்கு ஊளையிட ஆரம்பித்ததால் காவலாளி கைகூப்பி அனுப்பிவிட்டார். எட்டுப் பேரில் பிரபலமானவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் சிரிப்பைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவருக்கு ஹாரன் என்று பெயர். இன்னொருத்தி பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற அக்கா. வாயைத் திறக்காமல் தோள்பட்டையால் மட்டும் சிரிப்பவள்.

அடுத்த வீட்டில் ஒரு ரொட்டிக்காரர். இரவெல்லாம் அடுப்படியில் நின்று ரொட்டி சுடுபவர். மாலையில்தான் அவருக்குத் தூக்கம். ஹாரன் முதல் நாள் சிரித்தபோது கட்டிலிலிருந்து எழுந்து காலணிகளைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டதாக வந்து சொன்னார். கோபப்படவில்லை. ஆனால் கண்கள் சிவந்திருந்தன. மாமா வகுப்பை நிறுத்திவிடுகிறேன் என்றார். அத்தைதான் விடவில்லை. அவள் நிறுவனத்து மெக்கானிக்கிடம் கேட்டு, மீந்துபோன கதவு ரப்பரைச் சுருள் சுருளாக வாங்கிவந்து, கூடத்து ஜன்னல், பால்கனிக் கதவு, வாசற்கதவு எல்லாவற்றின் இடுக்கிலும் தானே ஒட்டினாள். ஒட்டி முடித்து மாமாவை உள்ளே விட்டுச் சிரிக்கச் சொல்லி, வெளியே நின்று காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

இதெல்லாம் மாமா புரோப்பைத் துடைத்த அதே வாரம். அதனால் எல்லார் கண்ணும் மாமாவின் துணிமேலேயே இருந்ததே தவிர ரப்பர் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாமா, மீன்களைச் சும்மா அனுப்பக் கூடாது, ஒரு வழியனுப்புச் சிரிப்பு நடத்த வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். எட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மேடம் மூலையிலிருந்து அவர்களைப் பார்த்தாள். அண்ணன் மகள் எப்போதும்போல் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. அன்று வீட்டிலிருந்தே அழைப்பெடுக்கும் முறை. போனும் கையுமாக அடுப்படியில் நின்றிருந்தாள்.

ஒரு அழைப்பு வந்தது. ஹாரன் மூச்சை இழுத்துத் தயாராகும்போது, அடுப்படியிலிருந்து அந்தத் தேன்குரல் கூடம் வரை கேட்டது.

"வணக்கம், லிஃப்ட் உதவி. உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க? ஆறு பேரா? பயப்படாதீங்க. காத்து தீராது. லிஃப்ட் அடைச்ச பெட்டி இல்ல, நாலு பக்கமும் இடுக்கு இருக்கு, யாரும் ரப்பர் வச்சு..."

அதோடு நின்றுவிட்டது.

அடுப்படி வாசலில் அத்தை வந்து நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். பால்கனிக் கதவைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி ஒருவர் ஒருவராக எண்ணினாள். போனில் அந்த ஆறு பேரும் ஹலோ ஹலோ என்று கத்துவது எல்லாருக்கும் கேட்டது.

"அடைக்கலைங்க" என்று அவர்களிடம் முதலில் சொல்லி முடித்தாள். பொறுப்பான உத்தியோகஸ்தி. மெக்கானிக்கை அனுப்பி, அவர்கள் வெளியே வந்தது உறுதியான பிறகுதான் போனை வைத்தாள். வைத்ததும் பழைய குரல் திரும்பியது.

"எட்டுப் பேரு. ரப்பர் வச்சு அடைச்ச ரூம்ல, வயிறு முட்ட மூச்ச இழுத்து விடுறீங்க. விட்ட காத்தெல்லாம் எங்க போகும்? அதுக்குள்ளதான் போகும்" என்று தொட்டியைக் காட்டினாள். "நுரை மெஷின் ரூம்ல இருக்கிற காத்ததான உறிஞ்சித் தண்ணிக்குள்ள விடுது. சோடா பண்ணி வச்சிருக்கீங்கடா எல்லாரும் சேந்து."

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாரனின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது.

மாமா மெதுவாகச் சொன்னார். "நாங்க வேற எடம் பாத்துக்குறோம். வகுப்ப நிறுத்திடலாம். நீ மீன அனுப்பாத."

"நீங்க சிரிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அத்தை. "மீன் போகட்டும்."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்ததில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாமல் போனது. அப்போதுதான் தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"முதல்ல அதுதான் காரணமான்னு பாத்துடலாம். ஒரு வாளித் தண்ணி உள்ள, ஒரு வாளி வெளிய. ரெண்டுலயும் காத்துக் குமிழி விட்டு அளக்கணும். மீட்டரோட வந்த தாள்ல போட்டிருக்கு."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அது. அந்தத் தாள் அத்தைக்குச் சரளமில்லாத மொழியில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் அன்று காலையில்தான் எடுத்துப் படித்திருந்தாள். பவளமே பேசிவிட்டது போல எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

தொட்டியிலிருந்து இரண்டு வாளி நீர் மொள்ளப்பட்டது. ஒன்று பால்கனிக்குப் போனது. இன்னொன்று கூடத்தின் நடுவே வைக்கப்பட்டது. குமிழி விடும் சின்னக் கருவிகள் இரண்டிலும் போடப்பட்டன. பால்கனிக் கதவை ரப்பரோடு சேர்த்து இறுக்கி மூடினார்கள். பிறகு அத்தை வட்டத்தைப் பார்த்து ஆணையிட்டாள்: "ம், சிரிங்க."

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் காரணமில்லாமல் சிரித்தவர்களுக்கு, சிரிக்க ஒரு காரணம் கிடைத்ததும் சிரிப்பது எப்படி என்றே மறந்துபோனது. எட்டுப் பேர் ஒரு வாளியைச் சுற்றித் துக்க வீட்டில் நிற்பது போல நின்றார்கள். மாமா ஒரு முறை "ஹஹ்" என்றார். அது விக்கல் மாதிரி இருந்தது. வாசல்மணி அடித்தது. கடல்காரர் டப்பாக்களோடு உள்ளே வந்து, வட்டத்தைப் பார்த்து, வாளியைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து, "எப்ப நடந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று பின்னால் பல தடவை விவாதம் நடந்தது. டோக்கன் அக்காவின் தோள் குலுங்கியதுதான் முதல் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்றைக்கு அது தோளோடு நிற்கவில்லை. அவளுக்குள்ளிருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு விசில் வந்தது. அவ்வளவுதான். ஹாரன் அடித்தார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கடல்காரர் எதற்கென்று தெரியாமலேயே டப்பாமேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "கீழ பாத்து விடுங்க, தண்ணிய பாத்து விடுங்க" என்று பேண்டு மாஸ்டர் மாதிரி கையசைத்துக்கொண்டிருந்தாள்.

பால்கனி வாளிக்குக் காவல் அண்ணன் மகள். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் ஒன்பது பேர் சிரித்துச் சாவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பால்கனியில் கதவு திறந்தது. கசங்கிய சட்டையோடு ரொட்டிக்காரர். எழுப்பிவிட்டது சிரிப்பில்லை, அவள் காலடியில் கிடந்த குமிழிக் கருவியின் கொர்ர் என்ற சத்தம்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "அந்த வாளிக்கு என்னம்மா உடம்பு?"

"வெளிக் காத்து குடுக்குறோம்" என்றாள். அவர் எட்டிப் பார்க்கக் குனிந்ததும், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கொஞ்சம் அந்தப் பக்கம் மூச்சு விடுறீங்களா?"

அவர் மறுபேச்சில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டார். தூக்கக் கலக்கத்தில் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது புரோப்பை எடுத்து அளந்தார்கள். கூடத்து வாளி ஏழு புள்ளி ஏழு. பால்கனி வாளி, எண் நகர்ந்து நகர்ந்து, எட்டைத் தாண்டி, எட்டு புள்ளி ஒன்றில் போய் நின்றது. ஒரே தொட்டித் தண்ணீர். ஒரே புரோப். அத்தை அந்தத் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தண்ணிக்கு ஒண்ணுமில்ல, ரூமுக்குத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடல்காரர் காலி டப்பாக்களோடு புறப்பட்டார். போகும்போது பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்காமலேயே.

ரப்பரைப் பிய்த்துவிடலாம் என்று மாமா சொன்னார். ரொட்டிக்காரரின் தூக்கம் என்ன ஆவது என்று அத்தை கேட்டாள். கடைசியில் ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, நுரை இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயை நீட்டித் தெருப்பக்கம் விட்டார்கள். சிரிப்பு உள்ளே, காற்று வெளியிலிருந்து. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி, பல வாரம் கழித்து, பவளம் முதலில் ஒரு விரலை நீட்டிப் பார்த்தது. பிறகு மற்ற விரல்களையும் நீட்டியது. மேடம் மூலையை விட்டு வெளியே வந்தாள். சாரும் வந்தார்.

அதோடு அத்தை அடங்கிவிட்டாள் என்று சொல்ல முடியாது. எண்ணின் மொழி புரிந்துவிட்டதால் அதைப் படிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எண் கொஞ்சம் இறங்குவதைக் கண்டுபிடித்தாள். குழாயின் வாய், ரொட்டிக்காரரின் சமையலறை ஜன்னலுக்கு நேர்கீழே இருந்தது. அவர் எழுந்து டீக்கு அடுப்பைப் பற்றவைத்தால் இங்கே தெரிந்துவிடும். குழாயைத் தள்ளி வைக்கும்வரை, "எழுந்துட்டார்", "இன்னிக்கு ரெண்டாவது டீ" என்று அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வந்தால் போன பிறகு திரையைப் பார்த்து அவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்று கணக்குச் சொல்வாள். தன் நாத்தனார் வந்துபோன நாள் மட்டும் புள்ளி மூன்று இறங்கியதை இன்றும் விடாமல் சொல்லிக்காட்டுகிறாள். அன்றைக்கு ஜன்னலோரக் குழாய் கழன்று கிடந்தது என்பதை மாமா நினைவூட்டினாலும் அவள் காதில் விழுவதில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து அண்ணன் மகள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்புக்கு அன்று விடுமுறை. மாமா கடையிலிருந்து வரவில்லை. அத்தை குழாயைக் கழுவுவதற்காகக் கழற்றி வைத்திருந்தாள். ஜன்னலும் கதவும் மூடியிருந்தன. திரையில் எட்டு புள்ளி ஒன்று. பவளம் எல்லா விரலையும் விரித்து ஆடிக்கொண்டிருந்தது. தனி ஆள் ஒருவர் சற்று நேரம் மூச்சு விடுவதால் அந்த எண் அசையாது என்று தாளில் படித்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அத்தைக்கும் அது தெரியும். இவள்தான் அதைப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அத்தை துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மீட்டரை இழுத்துத் தன் மடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வீட்ல எல்லாரோட நம்பரும் எனக்குத் தெரியும்" என்றாள். வீட்டுக் குரலும் இல்லை, அலுவலகக் குரலும் இல்லை, அவள் அதுவரை கேட்டிராத மூன்றாவது ஒன்று. "உன்னோடது மட்டும்தான் தெரியல. யாரும் இல்ல, எல்லாம் அடைச்சிருக்கு, வெளிய கேக்காது. ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சிரியேன்மா. நம்பர நான் பாத்துக்கிறேன்."